கம்பத்துக்குப் போனால் படம் தெரியும்

என் மகன் பாலக்காட்டில் வண்டிக்குள் வீடு கட்டி வாடகைக்கு விடுகிறான். பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, இரண்டு கட்டில், ஓர் அடுப்பு, கை கழுவும் தொட்டி, மடக்கு மேசை, பத்தொன்பது அங்குல டிவி ஒன்று, கூரைமேல் இரண்டடி டிஷ் ஒன்று எல்லாம் வைத்திருக்கிறான். கேரவன் என்று பெயர். இடுக்கிப் பக்கம் போய்வந்த மூன்று குடும்பங்கள் ஒரே குறையைச் சொல்லின. அங்கே டிவி தெரியவில்லை.

மலைக்குப் போகிறவர்களுக்கு டிவி எதற்கு என்று கேட்டேன். "மழை புடிச்சுக்கிட்டா என்னங்கப்பா பண்ணுவாங்க? ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் எத்தன நேரம்தான் பாத்துட்டு இருப்பாங்க?" என்றான். முப்பத்து மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தினீர்களே, நீங்களே ஒரு சுற்றுப் போய் எங்கே எத்தனை சேனல் வருகிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள் என்று என் தலையில் கட்டிவிட்டான். எனக்கு எழுபத்தொன்று. மனைவி ருக்மணிக்கு அறுபத்தாறு. டிரைவர் சிக்கந்தருக்கு ஐம்பத்திரண்டு. பாலக்காட்டு ராவுத்தர் குடும்பம். அவருடைய அண்ணன்தம்பிகள் துணிக்கடை வைத்திருக்கிறார்கள், இவர் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். மூவரின் வயதையும் கூட்டினால் நூற்று எண்பத்தொன்பது. இந்த வயதில் கூரைமேல் ஏறி இறங்கும் வேலை.

முதல் நாள் அகளி. சந்தை மைதானத்தின் ஓரத்தில் வண்டியை நிறுத்தினோம். அகளியின் வானம் எங்கள் ஊரான கொழிஞ்சாம்பாறை வானத்தைப் போலவே அகலமானது. மரம் குறைவு, மழையும் குறைவு. சிக்கந்தர் பின்பக்க ஏணியில் ஏறி டிஷ்ஷைத் திருப்ப, நான் உள்ளே டிவி முன் உட்கார்ந்துகொண்டு சொல்ல, ருக்மணி வாசலில் நின்று என் சொல்லை மேலே அனுப்பினாள். நான் "கொஞ்சம் கிழக்கே" என்பேன். அவள் "கொஞ்சூண்டு கெழக்காலீங்க" என்பாள். மேலே போய்ச் சேருவதற்குள் அது தாண்டிப் போயிருக்கும். பதினோரு நிமிடத்தில் படம் வந்தது. நூற்றுப் பன்னிரண்டு சேனல்.

எண்ணி முடித்து வெளியே வந்தால் வண்டிக்கு முன் நான்கு பேர் வரிசையாக நிற்கிறார்கள். கூரையில் தட்டு வைத்த வெள்ளை வண்டி என்றால் அங்கே ஆஸ்பத்திரி வண்டிதான். ஒருவர் கையில் பழைய சீட்டுகூட இருந்தது. நான் டாக்டர் இல்லை என்று விளக்கியதும் மூன்று பேர் போய்விட்டார்கள். நான்காவதாக நின்ற பெரியவர், டாக்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கண்ணாடி போட்டிருக்கிறீர்கள், இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று மட்டும் படித்துச் சொல்லுங்கள் என்றார். பின்னால் என்று படித்துச் சொன்னேன். ருக்மணி அவருக்கு இரண்டு டம்ளர் மோர் கொடுத்தாள்.

இரண்டாம் நாள் முழுவதும் வளைவுகள். நாற்பத்தாறு வரை எண்ணினேன். அதற்குமேல் எண்ணினால் குமட்டியது. ருக்மணி எலுமிச்சங்காய் கொடுத்தாள். வழியில் தேயிலைக்காட்டு ஓரம் இரண்டு இடத்தில் நிறுத்திப் பார்த்தோம். ஓர் இடத்தில் நூற்றொன்பது சேனல், அடுத்த இடத்தில் பூஜ்யம். இரண்டு இடத்துக்கும் நடுவே நானூறு மீட்டர் இருந்தால் அதிகம். இரண்டுக்கும் பின்னால் அதே மலை.

வாடகைக்கு எடுத்தவர்கள் மூவரும் மலை மறைக்கிறது என்றுதான் சொல்லியிருந்தார்கள். மகனும் நம்பிவிட்டான். செயற்கைக்கோள் நமக்குக் கிழக்கும் தெற்குமாக, ஏறக்குறைய அறுபத்தேழு பாகை உயரத்தில் நிற்கிறது. அவ்வளவு உயரத்தை மறைக்க வேண்டுமானால் மலை நம் தலைமேல் சாய்ந்து நிற்க வேண்டும். மறைப்பது மலையல்ல, மரம். பூஜ்யம் வந்த இடத்தில் சாலையோரத்துச் சில்வர் ஓக் மரம் ஒன்று டிஷ்ஷின் கண்ணுக்கு நேரே நின்றது. இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு அன்று முழுவதும் ஒரு மகிழ்ச்சி. சிக்கந்தரிடம் மூன்று தடவை விளக்கினேன். மூன்று தடவையும் "அது செரி மாஷே" என்றார். எங்கள் பக்கத்தில் வாத்தியாரை மாஷ் என்றுதான் அழைப்பார்கள்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை மாலை இடுக்கி மலையில் சாந்தன்பாறை. பஜாரில் நிறுத்த இடமில்லை. பஞ்சு போல மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. சிக்கந்தர் நான்கு பேரிடம் விசாரித்து, ஓர் ஏலத் தோட்டத்து லயங்களுக்கு முன்னால் இருந்த காலியிடத்தில் அனுமதி வாங்கினார். லயம் என்பது தொழிலாளர் குடியிருப்பு. ஒரே ஓட்டின் கீழ் வரிசையாக எட்டு வீடு. இங்கே இரண்டு வரிசை. எல்லார் பேச்சும் தெற்கத்தித் தமிழ். எங்கள் தமிழைக் கேட்டு அவர்கள் சிரித்தார்கள், அவர்கள் தமிழைக் கேட்டு ருக்மணி சிரித்தாள்.

ஏலம் வெயிலில் வளராது. அதனால் தலைக்கு மேலே ஒரு காட்டையே நிழலுக்கு வைத்திருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தேன். என் குடையைவிடச் சிறிய வானம்தான் தெரிந்தது, அதுவும் வடமேற்கில். டிஷ்ஷைத் திருப்பிப் பார்க்கவே வேண்டியதில்லை. இருந்தாலும் திருப்பிப் பார்த்தோம். பூஜ்யம்.

நாங்கள் திருப்பிக்கொண்டிருந்தபோதே ஒரு பெண் வந்து வண்டிக்குச் சற்றுத் தள்ளி நின்றாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். விரல்களில் ஏலக்காய்க் கறை. பெயர் எஸ்தர் என்று பிறகு தெரிந்தது. டிஷ்ஷையே பார்த்துக்கொண்டிருந்தவள் கடைசியில் கேட்டாள்.

"ஐயா, இதுல டிவி எடுக்குமா?"

எடுக்க வேண்டும், இந்த மரங்களுக்கு அடியில் எடுக்கவில்லை என்றேன்.

"இல்ல, சும்மா கேட்டேன். எம்மக நாளைக்கு டிவில வாரா."

ருக்மணி அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து முழுக்கதையையும் வாங்கிவிட்டாள். மகள் பெயர் ஜெபா. மதுரையில் கல்லூரியில் படிக்கிறாள். கைப்பந்து ஆடுகிறாள். வடக்கே எங்கோ நடக்கும் பல்கலைக்கழகப் போட்டியில் அவள் அணி இறுதிச்சுற்றுக்கு வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரண்டரை மணிக்கு ஆட்டம், கட்டணமில்லாத விளையாட்டுச் சேனலில் நேரடி ஒளிபரப்பு. மண் சரிந்து லயத்துக்கு வரும் கேபிள் அறுந்து ஒன்பது நாள் ஆகிறது. போனில் பேச முடியும், அதுவும் இடம் பார்த்து நின்றால். படம் ஓடாது. மகள் பள்ளியில் ஆடிய காலத்தில் எஸ்தர் காய் எடுக்கப் போயிருப்பாள். கல்லூரிக்குப் போனபின் தூரம். ஆறு வருடமாக மகள் ஆடுவதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

அன்றிரவு எஸ்தர் வீட்டிலிருந்து கப்பக்கிழங்கும் மீன் குழம்பும் வந்தது. பதிலுக்கு ருக்மணி, வீட்டிலிருந்து சுட்டுக் கொண்டுவந்த கச்சாயம் ஆறு கொடுத்தனுப்பினாள். நான் பாதிக் கிழங்கை அப்படியே வைத்துவிட்டேன். கிழங்கின் குற்றமல்ல. நாளைக்குப் படம் வராவிட்டால் இவள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற நினைப்பு. எட்டு மணிக்கு மேல் படுத்தபடியே நிழல் மரங்களின் உயரத்தைக் கணக்குப் போட்டேன். எந்தப் பக்கம் தள்ளி நிறுத்தினாலும் ஒரு மரம் மிச்சம் இருந்தது.

ஞாயிறு காலை எஸ்தர் வீட்டார் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார்கள். ருக்மணி என்னிடம் வந்து, "ஏனுங்க, அந்தப் புள்ள நேத்துலருந்து உங்க வாயத்தான் பாத்துட்டு இருக்குது. என்னமோ ஒண்ணு பண்ணிக் குடுங்க" என்றாள். நான் திசைகாட்டியோடு மரங்களுக்கு நடுவே சுற்றிக்கொண்டிருந்தேன்.

அப்போது எஸ்தரின் கணவர் செல்லத்துரை வந்தார். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை. அடுப்பு மூட்டிவிட்டால் மறுநாள் வரை அணைய விடக்கூடாது, சூடு கூடினால் காய் வெடிக்கும், குறைந்தால் நிறம் போகும். ஞாயிறென்று அடுப்புக்குத் தெரியாது. மனைவியிடம், நீ பார்த்துவிட்டு வந்து சொல் என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் என்னிடம் திரும்பினார்.

"சார், மரத்தடியில நிண்ணு மண்டைய ஒடைக்காதீக. கம்பத்துக்குப் போங்க. நூத்துக்கு நூறு எடுக்கும்."

நூற்றுக்கு நூறு என்று ஒருவர் சொன்னால் என்னால் சந்தேகப்பட முடிவதில்லை. அது ஆசிரியர் தொழிலின் பலவீனம். அவரோ ஸ்டோருக்குப் போய்விட்டார். நான் உடனே கணக்கில் இறங்கினேன். கம்பம், மலைக்குக் கீழே தமிழ்நாட்டில் இருக்கிற ஊர். திராட்சைத் தோட்டமும் வயலும், திறந்த வானம். தெரியாமல் எங்கே போகும்? ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாது. மலைப்பாதையில் ஒன்றே முக்கால் மணி நேரம். டிஷ் சரிசெய்யக் கால் மணி. பன்னிரண்டரைக்குக் கிளம்பினால் சரியாக இரண்டரை.

பன்னிரண்டு இருபத்தெட்டுக்குக் கிளம்பினோம். எஸ்தரிடம், "கம்பத்துக்குப் போகலாம், வாம்மா" என்றேன். அவள் புதுச்சேலை கட்டிக்கொண்டு, ஒரு தூக்குவாளியில் பாலில்லாத கட்டன் சாயாவோடு வந்து ஏறினாள். லயத்து ஆட்களும் வருகிறோம் என்றார்கள். அத்தனை பேரும் எங்கே ஏறுவது என்று நான் திகைத்தபோது, நீங்கள் முன்னால் போங்கள், நாங்கள் நடந்து வந்துவிடுவோம் என்றார்கள். மலையாட்கள் நன்றாக நடப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஐம்பது கிலோமீட்டரை எப்படி நடப்பார்கள் என்று அப்போது எனக்கு ஏன் தோன்றவில்லை என்பதற்கு இன்றுவரை விடை இல்லை. வேடிக்கைக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள்.

எஸ்தரும் ருக்மணியும் பின்னால் மேசைப் பக்கம் உட்கார்ந்தார்கள். வெயில் அடிக்கிறதென்று ருக்மணி திரையை இழுத்துவிட்டாள். இரண்டு பெண்களும் பிரசவம், நகைச்சீட்டு, மாமியார் என்று போய்க்கொண்டே இருந்தார்கள். நான் முன்னால் உட்கார்ந்து கிலோமீட்டர் கல்லை எண்ணினேன். ஒரு சிறிய பஜாரில் மாதா கோயில் பெருநாள் ஊர்வலம் சாலையை அடைத்துக்கொண்டு போனது. செண்டை மேளம், முத்துக்குடைகள் முப்பத்தாறு, பின்னால் மாதா சிலை வைத்த ரூபக்கூடு. முந்த வழியில்லை. ஒன்று நாற்பதுக்கு, காற்றுக்காக சிக்கந்தரைத் தவிர எல்லோரும் கீழே இறங்கினோம்.

எஸ்தர் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு ருக்மணியின் காதில் ஏதோ சொன்னாள். ருக்மணி, நீயே கேள் என்றாள்.

"ஐயாவுக்கு டவுன்ல ஏதும் சாமான் வாங்கணுமா? இல்ல, மேச்சு முடிஞ்ச பெறகு வந்து வாங்கலாமான்னு கேட்டேன்."

எனக்கு எந்தச் சாமானும் வேண்டாம், கம்பத்துக்குத்தானே போகிறோம் என்றேன்.

"கம்பம் நம்ம லயத்துக்கு மேலதானய்யா இருக்கு. ஜீப்பு ஏறுற பாதையில இந்த வண்டி ஏறாதுன்னு சுத்தி வாரீகன்னு நெனச்சேன்."

எந்தக் கம்பம் என்று கேட்டேன். சிக்கந்தர் எஞ்சினை அணைத்தார். லயத்துக்கு மேலே ஒரு மொட்டைப் பாறை. அந்தக் காலத்தில் எஸ்டேட்காரர்கள் அங்கே ஒரு கம்பத்தை நட்டிருந்தார்கள். எதற்கு நட்டார்கள் என்பது எஸ்தருக்குத் தெரியாது. அவள் கல்யாணமாகி வரும்போதே கம்பம் இல்லை. பெயர் மட்டும் இருக்கிறது. அங்கே ஒரு மரம்கூடக் கிடையாது. நடந்தால் பதினைந்து நிமிடம்.

"நம்மூர்ல கம்பம்னா கோயில் திருவிழாவுல விடுற வெடிக்கெட்டு. இங்க ஊரும் கம்பம், பாறையும் கம்பம்" என்று சிக்கந்தர் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பேடிக்க வேண்டாம் மாஷே, புடிச்சிரலாம்" என்று வண்டியைத் திருப்பினார்.

திரும்பும் வழியில் நான் எதையும் எண்ணவில்லை. கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்தேன். அவளிடம் மன்னிப்புக் கேட்கலாமென்று இரண்டு தடவை திரும்பினேன். அவள் தூக்கைத் திறந்து எனக்குச் சாயா ஊற்றிக் கொடுத்தாள். இரண்டரை மணி ஆனபோதும் வண்டி வழியில்தான் இருந்தது.

லயத்தை அடைந்தபோது இரண்டே முக்கால். அங்கிருந்து ஜீப் பாதை. எஸ்தர் நினைத்தது சரிதான், இந்த வண்டி ஏறுகிற பாதை அல்ல அது. மூன்றாவது வளைவில் பின்சக்கரம் சேற்றில் சுழன்றது. மேலே காத்திருந்தவர்களில் நான்கு ஆண்கள் சத்தம் கேட்டு இறங்கி வந்தார்கள். நான், ருக்மணி, எஸ்தர் சேர்த்து ஏழு பேர் தள்ளினோம். புதுச்சேலையில் முழங்கால் வரை சேறு.

மேலே பாறையில் பத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரும் நடந்தே வந்தவர்கள். இரண்டு மணியிலிருந்து காத்திருக்கிறார்கள். ஒருத்தி எஸ்தரைப் பார்த்து, "என்னக்கா, மதுர சுத்தி வாரீகளாக்கும்?" என்றாள். எஸ்தர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டது என்று மட்டும் சொன்னாள்.

சிக்கந்தர் கூரையில் ஏறினார். இங்கே வானம் எல்லாப் பக்கமும் இருந்தது. செட்டாப் பாக்ஸ் திரையில் இரண்டு கோடுகள் உண்டு. ஒன்று சிக்னலின் பலம், மற்றது தரம். பலம் உடனே வந்துவிட்டது. தரம் வரவில்லை. அவசரத்தில் பொத்தானை இரண்டு தடவை தவறாக அழுத்தினேன். வாசலில் ருக்மணியோடு இன்னும் மூன்று பெண்கள் நின்று ஆளுக்கொரு திசையைக் கத்தினார்கள். சிக்கந்தர் மேலிருந்து, ஒரே ஒருத்தர் சொல்லுங்கள், அது மாஷ் மனைவியாக இருக்கட்டும் என்றார். மூன்று இருபத்தாறுக்குத் தரத்தின் கோடு எழுந்து நின்றது.

மூன்றாவது செட் தொடங்கியிருந்தது. ஆளுக்கு ஒரு செட் வென்றிருந்தார்கள். ஜெபாவின் அணியில் ஒரே ஒரு பெண் மட்டும் வேறு நிறச் சட்டை போட்டிருந்தாள். எல்லோரும் நீலம், அவள் மஞ்சள். எஸ்தரின் மகள் அவள்தான். லிபரோ என்று பெயராம். பின்வரிசையில் நின்று, எதிரி அடிக்கிற பந்தைத் தரையில் விழாமல் எடுத்துக்கொடுப்பதே வேலை. வலைக்கு மேலே எகிறி அடிக்கிற உரிமை அவளுக்குக் கிடையாது. கேமராவோ அடிக்கிறவர்கள் பின்னாலேயே ஓடியது. மஞ்சள் சட்டை ஓரத்தில் மின்னி மறையும். ஒவ்வொரு மின்னலுக்கும் எஸ்தர், "இந்தா, இந்தா" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் படம் மாறியிருக்கும். நான்காவது செட் முடிவதற்குள் இருபத்திரண்டு பந்தை ஜெபா எடுத்திருந்தாள். முகம் முழுதாகத் தெரிந்தது இரண்டு தடவை.

ஐந்தாவது செட்டில் மழை வந்தது. முதலில் பாறைமேல் பெரிய துளிகள். வெளியே நின்றவர்கள் வண்டிக்குள் நெருக்கியடித்தார்கள். பதினெட்டுப் பேர். தரத்தின் கோடு இறங்குவதைப் பார்த்தேன். மழைக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது. பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. எதிரணிப் பெண் ஓங்கி அடிக்க, ஜெபா பாய்ந்து விழுந்து பந்தை எடுத்தாள். அப்படியே படம் உறைந்துவிட்டது.

எல்லோரும் ஐயோ என்றார்கள். ஒருவர் டிவியைத் தட்டப் போனார், தடுத்தேன். சிக்கந்தர் மழையில் இறங்கி ஏணியைப் பிடித்தார், வேண்டாம் என்றேன். நான் விநாடிகளை எண்ணினேன். எஸ்தர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். மகள் தரையில் கிடந்தபடி, தலையைத் தூக்கிப் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் முழுவதும் தெரிந்தது. எஸ்தர் சேலைத் தலைப்பால் திரையில் படிந்திருந்த ஈரத்தை ஒற்றி எடுத்தாள். பிறகு விரலை வைத்தாள்.

"இது என்னய்யா?"

முழங்காலுக்குப் போடும் பட்டை, எல்லாப் பிள்ளைகளும் போட்டிருக்கிறார்கள் என்றேன்.

"கறுப்புப் பட்டையச் சொல்லலய்யா. அதுக்குள்ள வெள்ளத்துணி சுத்தியிருக்கு பாருங்க. வலது காலுக்கு மட்டும்."

பார்த்தேன். இருந்தது. ஒரு மணி நேரமாக அவள் எடுத்த பந்துகளையெல்லாம் எண்ணியவன் இதைப் பார்க்கவில்லை.

நாற்பத்திரண்டு விநாடி. படம் திரும்பியபோது எதிரணியினர் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள். பதினைந்துக்குப் பதின்மூன்று. வண்டிக்குள் ஒரு பெருமூச்சு. அந்தக் கடைசிப் பந்தை நடுவர் தவறாகக் கொடுத்திருப்பார் என்று பாதிப்பேர் முடிவு செய்தார்கள். எஸ்தர் மட்டும் அதற்குள் போனைக் கையில் எடுத்திருந்தாள்.

மழை விட்டதும் கூட்டம் இறங்கிப் போனது. எஸ்தர் பாறையின் கிழக்கு விளிம்பில், பேச்சு மட்டும் கிடைக்கிற இடத்தில் நின்று போன் செய்தாள். இரண்டு தடவை மகள் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தாள். பழைய போன், மறுமுனை எங்களுக்கும் கேட்டது. ஜெபா அழுதிருப்பது குரலில் தெரிந்தது. தோத்துட்டோம்மா என்றாள்.

"அது கெடக்கட்டும். வலது முட்டுல என்னட்டி கட்டு?"

மறுமுனையில் அழுகை நின்றது.

"யாரும்மா சொன்னா?"

"யாரு சொல்லணும்? நாந்தான் பாத்தேன்."

அதற்கப்புறம் அந்தப் பெண் நிறுத்தாமல் பேசினாள். காயம் ஒன்றுமில்லை, நான்கு நாளில் சரியாகிவிடும், அப்பாவிடம் சொல்லாதே என்றாள். பிறகு சின்னப்பிள்ளை மாதிரிக் கேட்டாள். "ரெண்டாவது செட்டுல கடைசிப் பந்து, பெஞ்சு வர ஓடிப் போயி ஒத்தக் கையில எடுத்தேனே, அதப் பாத்தியாம்மா? எல்லாரும் எந்திரிச்சுக் கை தட்டுனாங்க."

இரண்டாவது செட் நடந்த நேரத்தில் நாங்கள் சேற்றில் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தோம். எஸ்தர் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பாத்தேண்டி. மொதல்லருந்து எல்லாம் பாத்தேன்" என்றாள்.